கிராம ஹைஸ்கூல்களில் மாணாக்கர் மன்றங்கள்

பள்ளிக்கூடம் என்றால் புத்தகமும் பரீட்சையுமே என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இதை மாற்றக் கருதித் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2022-ம் வருஷம் முதல் தங்கள் பள்ளிகளில் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், சிறார் திரைப்பட மன்றம் ஆகியவற்றை ஒழுங்காக நடத்த ஏற்பாடு செய்தனர். அவ்வருஷம் நவம்பர் 28-ந் தேதி திருச்சியில் ஆரம்பமான வானவில் மன்றம், 13,210 பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்பினருக்கு விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் செய்துபார்த்துக் கற்பிக்க ஏற்பட்டது. கலைத் திருவிழாவும், 2024-ல் மகிழ் முற்றமும் இவற்றுடன் சேர்ந்தன. உத்தரவுகளில் குறை காண இடமில்லை. அவை மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் தாலுகாக்களின் கிராமப் பள்ளிகளில் எவ்வாறு நிறைவேறுகின்றன என்பதே நாம் ஆராயவேண்டிய விஷயம்.

மன்றங்கள் வெறும் பொழுதுபோக்கு என்று கூறுவோர் நமது சரித்திரத்தை நோக்குவார்களாக. 1878-ல் 'ஹிந்து' பத்திரிகையை ஆரம்பித்த ஆறு இளைஞர்கள் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிப் பழகியவர்கள். அவர்களில் நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணாக்கர். அவ்வறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882-ல் 'சுதேசமித்திர'னைத் தோற்றுவித்தார். சபையில் எழுந்து பேசவும், எதிர்வாதத்தைப் பொறுமையுடன் கேட்கவும், ஒரு தீர்மானத்தைப் பிழையின்றி எழுதவும் கற்றவர்களே பின்னர் தேசத்துக்காகப் பேச வல்லவரானார்கள்.

அந்தப் பயிற்சி பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டுவதன்று. மதுரைக்கு அடுத்த அரிட்டாபட்டியில் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள அவ்வூர், 2022-ல் இந்த ராஜ்யத்தின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததும், சுற்றுவட்டாரக் கிராம சபைகள் கூடி எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேற்றின, சட்டசபையும் தீர்மானித்தது, 2025 ஜனவரியில் மத்திய அரசாங்கம் ஏலத்தை ரத்து செய்தது. கூட்டம் கூட்டவும், விஷயத்தை ஆராயவும், மனு எழுதவும் தெரிந்த ஜனங்களே தங்கள் நிலத்தைக் காத்துக்கொள்ளக்கூடும். கிராம சபைக்கு நாற்றங்கால் ஹைஸ்கூல் மன்றமே என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க. இதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணாக்கனும் அவன் தங்கையும் தங்கள் வீட்டிலேயே சக மாணாக்கரால் வெட்டப்பட்ட செய்தி தமிழ்நாட்டையே தலைகுனியச் செய்தது. அதன்பேரில் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு அவர்களின் ஒரு நபர் கமிட்டி, 2024 ஜூனில் சமர்ப்பித்த அறிக்கையில், ஜாதியைக் குறிக்கும் வர்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கவேண்டுமென்றும், சமூக நீதி மாணவர் படை ஒன்று அமைக்கவேண்டுமென்றும் சிபார்சு செய்தது. கயிற்றை உத்தரவினால் அறுத்துவிடலாம். மனத்திலுள்ள முடிச்சை உத்தரவினால் அவிழ்க்க முடியாது. 1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாத ஐயர் ஹரிஜனச் சகோதரர்களை மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் அழைத்துச் சென்ற நகரம் மதுரை. அன்று திறந்த கதவு இன்னும் எல்லா உள்ளங்களிலும் திறந்தபாடில்லை. வெவ்வேறு தெருப் பிள்ளைகள் ஒரே நாடகத்தில் வேஷம் போட்டு, ஒரே கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதி, ஒரே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தால் உண்டாகும் சிநேகத்தை எந்தப் பிரசங்கமும் உண்டாக்காது. புதிதாகப் படை திரட்டுமுன், இருக்கும் மன்றங்களையே இக்காரியத்துக்குத் தகுதியாக்குவது புத்திசாலித்தனமாகும்.

ஆனால் தடைகள் பல. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைக் கொண்டே பள்ளியின் யோக்கியதையை அளக்கும் வழக்கம் இருக்கும்வரை, பரீட்சை நெருங்கியதும் மன்றப் பாடவேளை கணக்குக்கோ விஞ்ஞானத்துக்கோ இரையாவது சகஜமே. கிராமத்துப் பிள்ளைகள் பலர் பஸ்ஸை நம்பி வருகிறவர்கள். மணி அடித்த பின் நடக்கும் மன்றத்தில், விசேஷமாகப் பெண் குழந்தைகள், தங்குவதெப்படி? உபாத்தியாயர்களோ கற்பிப்பதுடன் 'எமிஸ்' என்னும் இணைய ஏட்டில் விவரம் பதிவதிலும் பொழுதைச் செலவிட வேண்டியிருக்கிறது. கூட்டம் நடந்ததாகப் பதிவதே கூட்டம் நடத்துவதைவிட முக்கியமாகிவிடலாகாது. கலைத் திருவிழாவில் ஜயிப்பவர்களைக் கொண்டாடுவது நியாயமே. எனினும் போட்டி ஒரு குழந்தையை மேடைக்கு உயர்த்துகிறது, மன்றமோ கடைசிப் பெஞ்சில் உள்ளவனையும் வாய் திறக்கச் செய்யவேண்டும்.

ஏழைப் பெற்றோர், 'என் மகன் பாஸானால் போதும்' என்று சொன்னால் அவர்களை நாம் குறை கூறோம். அவர்களுக்குப் பரீட்சையே ஏணி. ஆயினும் அவ்வேணியில் ஏறியபின் நேர்முகப் பேட்டியில் நாலு வார்த்தை சொல்லத் தயங்கிப் பின்தங்குவோர் எத்தனை பேர்! மன்றம் பரீட்சைக்கு விரோதியன்று, துணையேயாகும்.

ஆகவே கல்வி இலாகாவாருக்கும் தலைமை உபாத்தியாயர்களுக்கும் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம். மன்றப் பாடவேளை பள்ளி நேரத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். எக்காரணத்தாலும் பிற பாடத்துக்குக் கொடுக்கப்படலாகாது. காரியதரிசி முதலிய பதவிகள் முறைவைத்து எல்லோருக்கும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் தவறாமல், வரவேண்டும். விவரப் பதிவு வேலையைச் சுருக்கவேண்டும். விவாதப் பொருளும் ஆராய்ச்சிப் பொருளும் ஊரிலிருந்தே எடுக்கப்படவேண்டும்: மாங்குளத்துக் கல்வெட்டும், கீழடியில் பூமிக்கடியிலிருந்து வெளிவந்த பழம்பொருள்களும், வைகையின் வறட்சியும், நம் கண்மாய்களின் நிலையும் எந்தப் பாடபுத்தகத்துக்கும் குறைந்தவையல்ல. இராமநாதபுரம் ஜில்லா திருப்புல்லாணி அரசாங்கப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தார் மாணாக்கருக்குப் பழைய எழுத்துக்களைப் படிக்கக் கற்பித்து, ஊர்ப் பழமையைத் தேடச் செய்திருக்கிறார்கள். கடற்கரைக் கிராமமொன்றில் இயன்றது மதுரைச் சமவெளியில் இயலாதென்று எவரும் சொல்ல முடியாது.

இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. வாரத்தில் சிறிது நேரமும், அதை விட்டுக்கொடுக்காத உபாத்தியாயர் ஒருவரும் போதும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அங்கம் வகிக்கும் பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில், 'இம்மாதம் மன்றம் எத்தனை முறை கூடிற்று? யார் யார் பேசினார்கள்?' என்று மட்டும் கேட்பார்களாக. அக்கேள்வி எழும் ஊரில் மன்றம் உயிர்பெறுமென்பது நமது நம்பிக்கை.