விசா வேண்டாம், விசாரணை உண்டு

"விசா இல்லாமல் வெளிநாடு! பாஸ்போர்ட் இருந்தால் போதும்! கரீபியன் தீவுகளுக்குப் பறக்கலாம்!"

இந்த மாதிரி விளம்பரத்தை டிராவல்ஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள். பேரப்பிள்ளைகள் போனில் காட்டும் வீடியோவிலும் பார்த்திருப்பீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் திறக்கும் நாடுகள் இத்தனை என்று வருஷா வருஷம் ஒரு எண் பத்திரிகையில் வரும். அதைப் படித்து நாமும் பெருமைப்படுகிறோம். இந்த விளம்பரம் முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. முழுப் பொய்யைவிட அதுதான் ஆபத்து என்பது என் கட்சி.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் இந்த உபத்திரவம் எனக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். 'விசா' என்பது லத்தீன் வேர்ச்சொல். பிரெஞ்சு வழியாக உலகத்துக்கு வந்தது. பொருள், 'பார்வையிடப்பட்டது'. அவ்வளவுதான். ஆபீஸில் கோப்பு மேலே போய்த் திரும்பும்போது ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி அதிகாரி சுருக்கொப்பம் போடுவாரே, அதே சங்கதி. 'பார்த்தேன்' என்றால் 'சம்மதித்தேன்' என்று ஆகாது. குமாஸ்தாவாக இருந்த எவருக்கும் இது தெரியும்.

விசா வாங்கியவனின் கோப்பை ஒருவர் சென்னையிலேயே பார்த்துவிட்டார். குறை இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார். விசா வேண்டாத நாட்டுக்குப் போகிறவனின் கோப்பை யாரும் பார்க்கவில்லை. லட்சக்கணக்கில் டிக்கெட்டுக்குக் கொட்டி, ஒன்றரை நாள் பறந்து, அந்த ஊர்க் கவுண்டரில் போய் நிற்கும்போதுதான் கோப்பு முதல் முறையாகத் திறக்கிறது. விசா இல்லை என்றால் விசாரணை இல்லை என்று பொருளில்லை. விசாரணை இடம் மாறுகிறது, அவ்வளவே. குறை இருந்தால் வரும் நஷ்டம் முழுவதும் நம் தலையில்.

டிரினிடாட் டொபாகோவும் பார்படாஸும் இந்தியச் சுற்றுலாப் பயணியை 90 நாள் வரை விசா இல்லாமல் விடுகின்றன. ஜமைக்கா, கிரனடா, டொமினிக்கா ஆகியவையும் முன்கூட்டி விசா கேட்பதில்லை. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் பஹாமாஸுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் விசா வேண்டும். டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. பெயரைப் பார்த்து ஏமாந்தால் போச்சு. மோசஸ் நாகமுத்து என்பவர் 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த கயானாவுக்கும் நமக்கு விசா தேவை. பெயர் நம்முடையது என்பதற்காகக் கதவு தானாகத் திறந்துவிடாது.

விசா வேண்டாத நாட்டிலும் கவுண்டரில் கேட்பார்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா? திரும்பும் டிக்கெட் எங்கே? எந்த விலாசத்தில் தங்கல்? செலவுக்குப் பணம் இருக்கிறதா? "மகள் வீட்டுக்கு" என்று வாயால் சொன்னால் போதாது. மகள் எழுதிய கடிதம், அவள் அங்கே சட்டப்படி வசிப்பதற்கான நகல் எல்லாம் கையில் இருக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அப்படித் திருப்பப்பட்டவரை ஏற்றி வந்த கம்பெனிதான் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதனால் அந்தக் கம்பெனி நம் ஊரிலேயே, செக்-இன் கவுண்டரிலேயே, முதல் விசாரணையை நடத்திவிடுகிறது.

இப்போது பெரிய ஓட்டைக்கு வருகிறேன். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இந்தத் தீவுகளுக்கு நேர் விமானம் கிடையாது. வழியில் எங்காவது மாற வேண்டும். அமெரிக்காவில் மாறினால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். கனடாவிலும் விசா வேண்டும். லண்டனில் மாற, வேறு சில நாட்டு விசாக்கள் கையில் இல்லாத இந்தியர் டிரான்சிட் விசா எடுத்தாக வேண்டும். கொல்லிமலை உச்சியில் அறப்பளீஸ்வரரைத் தரிசிக்க டிக்கெட் இல்லைதான். அதற்காக 70 கொண்டை ஊசி வளைவுகளும் மறைந்துவிடுமா? 'விசா இல்லை' என்கிற விளம்பரம் கோயில் வாசலைக் காட்டுகிறது. வளைவுகளை மறைக்கிறது.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் மகள் பார்படாஸில் இருந்தாள். தலைப்பிரசவம். நண்பரும் மனைவியும் கிளம்பினார்கள். "பார்படாஸுக்கு விசாவே வேண்டாம் சார்" என்று சொல்லி, லண்டன் வழி டிக்கெட் போட்டுக் கொடுத்தார் ஏஜென்ட். விமான நிலையக் கவுண்டரில், "லண்டன் டிரான்சிட் விசா எங்கே?" என்று கேட்டார்கள். இவர்களிடம் இல்லை. ஏற்றவில்லை. சத்து மாவும் பிரசவ மருந்தும் நிரம்பிய பெட்டிகளோடு இருவரும் அன்றிரவே ஊர் திரும்பினார்கள். தாய் பக்கத்தில் இல்லாமலே அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. பணத்தைக் கேட்கப் போனபோது ஏஜென்ட் சொன்ன பதில்: "நான் பார்படாஸைப் பத்தித்தானே சொன்னேன். லண்டனைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே அண்ணா." பாதி உண்மை எப்படி வேலை செய்கிறது, பார்த்தீர்களா?

"ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போகலாமே, அங்கே இந்தியருக்கு டிரான்சிட் விசா கேட்பதில்லையே" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக இருந்து, பெட்டி நேராக அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அந்த வசதி. மலிவு என்று இரண்டு டிக்கெட்டாகப் போட்டால், நடுவில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க நேரலாம். வெளியே வர ஷெங்கன் விசா வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தரவேண்டியது டிக்கெட் விற்பவரின் கடமையா, எழுபது வயதுக்காரரின் கடமையா?

பிரெஞ்சுத் தீவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவாதலூப்பும் மார்த்தினிக்கும் பிரான்ஸின் பகுதிகளே. ஆகவே "பாரிஸ் விசா இருக்கிறதே, அங்கேயும் செல்லும்" என்று நினைக்கத் தோன்றும். செல்லாது. அவை ஷெங்கன் எல்லைக்குள் வரவில்லை. அந்தத் தீவுகளுக்கும் செல்லும் என்று விசாவில் தனியாகக் குறித்திருக்க வேண்டும். விண்ணப்பம் போடும்போதே கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வரும்போது நம் அரசும் ஒரு கேள்வி வைத்திருக்கிறது. டிரினிடாட், கயானா, சூரினாம் போன்ற மஞ்சள் காய்ச்சல் பட்டியல் இடங்களிலிருந்து வருகிறவரிடம் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால், ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். நம் கம்பவுண்டரிடம் போட்டால் செல்லாது, அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் அரிதாகக் கடும் பக்கவிளைவு வருவதுண்டு. நம் வயதுக்காரர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரைக் கேட்பது நல்லது. இதையும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

சுங்கச் சோதனையும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, செடி எதையும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். தீவு நாடுகள் பயிர் நோய்க்குப் பயப்படும். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, கம்பெனி அட்டையிலேயே வையுங்கள். டிரினிடாட், பார்படாஸ், ஜமைக்காவில் ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணியைப் பொதுமக்கள் உடுத்துவது குற்றம். பேரனின் அரை டிராயரானாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நாமக்கல்லில் பிள்ளைகளை நீட் பயிற்சிக்கு விட்டிருக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "அந்தத் தீவில் டாக்டர் படிப்பு, விசாவே வேண்டாம்" என்று வருகிறவர்கள் உண்டு. சுற்றுலாப் பயணியாக நுழைவது வேறு, மாணவனாகத் தங்குவது வேறு. அதற்குத் தனி அனுமதி உண்டு. படித்துத் திரும்பி இங்கே டாக்டராக, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆங்கில வழியில் 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும், அந்த நாட்டிலேயே தொழில் செய்யும் தகுதியும் வேண்டும். நிலத்தை விற்கும் முன் இதைக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் நம்மவர்களிடம் இந்தக் காகிதங்கள் எதையும் யாரும் கேட்கவில்லை. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் நம்மவர்களைக் குவாதலூப்பில் கொண்டு இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே போன பிறகுதான் அது என்ன வகைக் கதவு என்று தெரிந்தது. அங்கேயே பிறந்த ஹென்ரி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இல்தான் ஜெயித்தது. பத்தொன்பது வருஷம்! சுலபமாக நுழைய விடுகிறார்கள் என்றால் சரிசமமாக நடத்துவார்கள் என்று ஆகிவிடாது. அன்று ஆள்கட்டி கங்காணி சொல்லாமல் விட்ட பாதியும், இன்று ஏஜென்ட் சொல்லாமல் விடும் பாதியும் ஒரே ஜாதி.

ஆகவே என் கோரிக்கை இதுதான். வெளிநாட்டு டிக்கெட் விற்பவர், போகும் நாடு, மாறும் ஊர், திரும்பும் வழி மூன்றுக்கும் தேவையான காகிதங்களைத் தமிழில் எழுதி, கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும். பருப்புப் பாக்கெட்டில்கூட எடையும் தேதியும் அச்சிடச் சொல்கிறோம். லட்ச ரூபாய் டிக்கெட்டுக்கு அது வேண்டாமா?

அரசு செய்யும்வரை நாமே கேட்போம். எந்த ஊரில் மாறுகிறோம்? அங்கே என்ன விசா? ஒரே டிக்கெட்டா, இரண்டா? திருப்பி அனுப்பினால் பணம் யார் பொறுப்பு? வாய்ப்பதில் வேண்டாம், எழுதி வாங்குங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே கிளம்பும் முன் அந்தந்தத் தூதரகத்தின் அறிவிப்பையும் ஒருமுறை சரிபாருங்கள். எழுதித் தர மறுக்கும் ஏஜென்டிடம் டிக்கெட் வாங்காதீர்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதி கோப்பில் ஏறாது. முப்பது வருஷ ஆபீஸ் உத்தியோகத்தில் நான் கற்ற பாடம் அது ஒன்றுதான்.