வெற்றிலைப் பையும் அடுப்புப் புகையும்



ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழும் நம் சகோதரிகளுக்கு இது பழகிய காட்சி. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தேத்தண்ணீர் ஊற்றி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பனி மூடிய மலைக்குக் கூடையோடு ஏறுகிறாள் ஒரு தோட்டத்துப் பெண். அவள் இடுப்பில் ஒரு சிறு பை இருக்கும். அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் அவளுக்கு அதுதான் துணை.

அந்தப் பையைப் பார்த்து முகம் சுளிக்கும் நம்மில் எத்தனை பேர் வீட்டில் வெற்றிலைத் தட்டு இல்லாமல் இருக்கிறது? நம் உம்மும்மாமார் பல் போன பின்னும் சிறு உரலில் இடித்துப் போடுகிறார்கள். கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்ததும் தட்டு சுற்றி வருகிறது. ஆகவே இது மலையில் இருப்பவளுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தானே" என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2003ஆம் ஆண்டு நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்தது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும், பாக்கு தனியாகவே உண்டாக்கும் என்பது அவர்களின் முடிவு. குற்றவாளி வெற்றிலை அன்று, பாக்கும் புகையிலையும்தான்.

பாக்கில் அரெகோலின் என்றொரு பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு சேரும்போது அதன் வேகம் கூடுகிறது. நாளடைவில் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்கள் திரண்டு, வாய் இறுகிப்போகிறது. முதலில் காரமான கறி பட்டால் எரியும். பிறகு வாயை முழுதாகத் திறக்க முடியாது. இப்படி இறுகிய வாயில் பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். இதில் கொடுமை என்னவென்றால், தொடக்கத்தில் வலியே இருக்காது. வலிக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சகோதரிகளே, இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். நுழையாவிட்டால் கவனம் தேவை. பிறகு இரு கன்னங்களின் உட்புறம், ஈறு, நாக்கின் பக்கங்கள், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பற்சிகிச்சைப் பிரிவில் பணம் கேட்கமாட்டார்கள். மேற்சிகிச்சைக்குப் பேராதனையில் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. உங்கள் உம்மாவின் வாயையும் மாமியின் வாயையும் நீங்களே பாருங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.

"ஐம்பது வருடப் பழக்கம், விட முடியாது" என்பார்கள். அப்படியானால் ரமளானில் என்ன செய்கிறார்கள்? ஸஹரிலிருந்து மஃரிப் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வாயில் எதுவும் படுவதில்லை. அல்லாஹ்வுக்காக முப்பது பகல் விட முடிந்தவர், அவன் தந்த அமானிதமான இந்த உடலுக்காக இரவிலும் விட முடியாதா? நோன்பு திறந்ததும் கை முதலில் தட்டுக்குப் போவதை மட்டும் தடுத்துப் பாருங்கள். ஏலமோ கராம்போ ஒன்றை வாயில் போடலாம். மிஸ்வாக் செய்வது ஸுன்னத்தும் ஆகும். வாய்க்கு வேறு வேலையும் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனம் நோகாதீர்கள். மலையகப் பட்டணங்களில் கடை வைத்திருப்பவர்களில் நம்மவர் ஏராளம். சம்பள நாளில் அந்தத் தோட்டத்துப் பெண் புகையிலை வாங்குவது பல வேளை நம் கடையில்தான். சாராயம் விற்கமாட்டோம் என்று உறுதியாய் இருக்கும் நாம், இதை யோசித்தோமா? 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆனால் பெரியவர்களுக்காகச் சின்னப் பிள்ளைகள் வந்து வாங்கிப்போவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கணவரிடமோ வாப்பாவிடமோ நானாவிடமோ இதை எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை கையில் கொடுக்காமல் இருப்பதிலாவது தொடங்கட்டும்.

அடுத்தது அடுப்பு. வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம். குளிருக்குக் கதவும் யன்னலும் பூட்டியிருக்க, உள்ளே ஈர விறகு புகைகிறது. புகை பிடிக்காத பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் நெஞ்சு கெடுவது இப்படித்தான். குழந்தைக்கு நிமோனியா, பெரியவருக்குத் தீராத இருமலும் மூச்சிரைப்பும் வருகின்றன. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது பட்டணத்து வீடுகளிலும் விறகடுப்பு திரும்பியதை நாம் மறக்கவில்லை.

விறகை வெயிலில் காயப்போட்டு எரியுங்கள். சட்டியை மூடி சமையுங்கள். புகைபோக்கியைத் துப்புரவாக வைத்திருங்கள். சமைக்கும் நேரமாவது யன்னல் திறந்திருக்கட்டும். குளிருக்கு இதமென்று குழந்தையை அடுப்படியில் படுக்கவைக்காதீர்கள்.

நாம் குடிக்கும் ஒவ்வொரு கோப்பைத் தேநீரிலும் அந்த மலையில் நிற்பவளின் உழைப்பு இருக்கிறது. அவள் அண்டை வீட்டுக்காரி. அண்டை வீட்டாரின் உரிமை நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை அவள் கடைக்கு வரும்போது, அந்த மூன்று விரல் சோதனையைச் சொல்லிக் கொடுங்கள். காசில்லாத ஸதகா அது. ஒரு தாயின் உயிரை, அவள் பிள்ளைகளுக்காக, அல்லாஹ் உங்கள் வாயிலாகக் காக்கக்கூடும்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.