நாக்கு மேல பழியைப் போடாதீங்க சாமி

பொங்கலும் சங்கராந்தியும் சேர்ந்து வருவதில் புனேவாசிகளுக்கு ஒரு லாபம் உண்டு. காலையில் நம்ம வீட்டுச் சர்க்கரைப் பொங்கல், சாயங்காலம் எதிர் ஃபிளாட் ஆஜி வீட்டு எள்ளு வெல்ல உருண்டை. போன பொங்கலுக்கு என் பையன் (வயசு ஆறு) உருண்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி, "திள்கூள் க்யா, கோட் கோட் போலா" என்று எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்தான். எள்ளுருண்டை எடுத்துக்கோ, இனிப்பாப் பேசு என்று அர்த்தம். அந்த "திள்கூள்" இருக்கே, இரண்டு ள-வும் அட்சர சுத்தம். ஆஜிக்குப் பெருமை தாங்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு வாட்ஸப்பில் வீடியோ கால். பயல் வாயைத் திறந்தான். "ஆச்சி, பொங்கல் வால்த்துக்கல்!"

அம்மா சிரித்துவிட்டு, அவன் நகர்ந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏய்யா, புள்ளைக்கு நாக்கு தடிப்பா? டாக்டர்ட்ட காட்டுனியா?"

பக்கத்தில் இருந்த தங்கமணி, "உங்க வீட்டு நாக்குதானே அத்தை" என்று ஒரு போடு போட்டது தனிக்கதை :-)

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் நாலு பேர் கூடினால் இந்த "நாக்கு தடிப்பு" பேச்சு வராமல் இருக்காது. "எங்க பொண்ணுக்கு ழ வரவே வராதுங்க, நாக்கு அப்படி." "நார்த்லயே பொறந்து வளர்ந்தவன், அவனுக்கு நாக்கு வளையாது." இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சோகம், அதற்குள் பொதிந்து வைத்த ஒரு பெருமை. போதும் சாமிகளா. பாவம் அந்த நாக்கு. அரை மணி முன்னால் "திள்கூள்" என்று சொன்ன அதே நாக்கு, நம்ம வீட்டு வாசலைத் தாண்டியதும் எப்படித் தடித்துப் போனது?

கொஞ்சம் வாய்க்குள் போய்ப் பார்க்கலாம். பேச்சுக்கு மூலதனம் நுரையீரலில் இருந்து வெளியே வரும் காற்று. குரல்வளையில் இருக்கும் இரண்டு மடிப்புகளை அது அதிர வைத்தால் குரல். தொண்டையில் விரலை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லுங்கள், ஒன்றும் தெரியாது. "ம்ம்ம்" என்று சொல்லுங்கள், விரல் குறுகுறுக்கும். ஆண் குரலில் அது வினாடிக்கு 100 தடவைக்கு மேல் அதிரும், பெண் குரலில் சுமார் 200. அதற்கு மேல் நாக்கும் உதடும் அண்ணமும் மூக்கும் காற்றை மறித்து, நெரித்து, திருப்பிவிட்டு ஒலியாக்குகின்றன. தொல்காப்பியர் இதற்கென்றே பிறப்பியல் என்று ஓர் இயல் எழுதி, எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே போகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொடும், காற்று பக்கவாட்டில் வழியும். ள-வுக்கு நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடும், காற்று அதே மாதிரி பக்கவாட்டில். ழ-வுக்கும் நுனி பின்னால் வளையும், ஆனால் எங்கேயும் ஒட்டாது, இடைவெளி வழியாகக் காற்று நழுவிப் போகும். அவ்வளவுதான் சமாச்சாரம். ள சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ழ என்பது ஒட்டிய நுனியைக் கொஞ்சம் விலக்கும் வேலை. இதில் தடிமன் எங்கே வந்தது?

இதே கதையைத் திருப்பிப் போட்டு நம் மேலேயும் சுமத்துகிறார்கள். நான் புனே வந்த புதிதில் ஆபீஸ் கேன்டீனில் "கானா" கேட்டால், பாட்டு வேணுமா சாப்பாடு வேணுமா என்று கேட்டுச் சிரிப்பார்கள். இந்தியில் ஒரு கானா பாட்டு, இன்னொரு கானா சாப்பாடு. "மதராஸி நாக்குக்கு இதெல்லாம் வராது" என்று தீர்ப்பு. ஐயா, அந்த இரண்டு ஒலிக்கும் நாக்கு தொடுகிற இடம் ஒன்றேதான்! வித்தியாசம் குரல்வளை எப்போது அதிர ஆரம்பிக்கிறது, வாயில் இருந்து எவ்வளவு காற்று தள்ளப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஒரு மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, இந்தியில் பழத்துக்குச் சொல்லும் வார்த்தையை ஒரு இந்திக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள், காகிதம் படபடக்கும். நாம் "பல்" என்று சொன்னால் அவ்வளவாக அசையாது. பத்து நாள் பழகினால் நமக்கும் படபடக்கும். எனக்குப் படபடத்தது. சாப்பாடும் வந்தது.

பிரச்சினை வாயில் இல்லை, முதலில் காதில். 1984-இல் கனடாவில் வெர்க்கர், டீஸ் என்ற இருவர் செய்த ஆராய்ச்சி ரொம்பப் பிரபலம். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். நம்ம த-வும் ட-வும் மாதிரி, பல்லில் பிறப்பது ஒன்று, நாக்கை வளைத்துச் சொல்வது ஒன்று. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரால்தான் முடிந்தது. வீட்டில் புழங்காத வித்தியாசத்தைக் காது கவனிப்பதை நிறுத்திக்கொள்கிறது. அதற்காகக் கதவு பூட்டி சாவி கடலில் போய்விட்டது என்று அர்த்தமில்லை. புதிதாக ஒரு மொழிக்காரர்களோடு விளையாடப் போகும் பிள்ளை திரும்பவும் கற்றுக்கொள்கிறது.

"அதுக்குத்தான் யூட்யூபில் தமிழ் ரைம்ஸ் போட்டு விடறோமே" என்பவர்களுக்கு இன்னொன்று. 2003-இல் சியாட்டிலில் பேட்ரிஷியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் காட்டினார்கள். பன்னிரண்டு முறை சீனம் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடிய குழந்தைகளுக்குச் சீன ஒலிகளின் வித்தியாசம் பிடிபட்டது. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

என் பையனுக்கு ள சொல்லிக் கொடுத்தது எந்த ஆப்பும் இல்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன மத்தியானங்களில் அவனை மடியில் போட்டுக்கொண்ட ஆஜி. மராத்தியில் ள உண்டு, ண உண்டு. நான் வருஷக்கணக்காக "லோனாவாலா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், "லோணாவளா" என்று திருத்தியவன் அவன். தமிழனுக்கு ண-வும் ள-வும் சொல்லிக் கொடுத்த தமிழ்ப் பிள்ளை!

சரி, நம்ம வீட்டில் அவன் என்ன கேட்கிறான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் வாயையும் தங்கமணி வாயையும் கவனித்தேன். கீழே இறங்கு இல்லை, "டவுன் வா". தள்ளு இல்லை, "புஷ் பண்ணு". நாளைக்கு என்பது டுமாரோ. ஏழு செவன், வெள்ளை ஒயிட், வெளியே அவுட்சைட், வாழைப்பழம் பனானா. பார்த்தீர்களா, ள-வும் ழ-வும் இருக்கிற வார்த்தையாகப் பார்த்துக் களை பிடுங்கியிருக்கிறோம். "போட்டுக்கோ", "பண்ணு", "வா" மட்டும்தான் மிச்சம். "வால்த்துக்கல்" வராமல் பின்னே என்ன வரும்?

இதில் கூத்து என்னவென்றால், விழாக்களில் ழ-வுக்குத் தனி மேடை. தமிழுக்கே உரிய சிறப்பு ழகரம் என்று ஒரு பேச்சு (ஆலப்புழாக்காரர் பக்கத்தில் இருந்தால் சிரிப்பார், மலையாளத்திலும் அது ஜாம்ஜாமென்று இருக்கிறது). அப்புறம் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, வாழைப்பழத் தோலில் கிழவனை வழுக்க வைக்கும் போட்டி. ஜெயித்த பிள்ளையை மேடையில் இருந்து இறக்கும்போது அம்மா சொல்வது, "வெரி குட் பேபி, கம், லெட்ஸ் கோ." கிழவன் விழுந்ததுதான் மிச்சம்.

ஒரு ஒப்புதல் வாக்குமூலமும் கொடுத்துவிடுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கம். எங்க அம்மாவே "வாளைப்பளம்" என்றுதான் சொல்வாள். பழைய மெட்ராஸில் அது "வாயப்பயம்". அவர்களுக்கெல்லாம் நாக்கு தடிப்பா? அது அந்தந்த ஊர்த் தமிழ், பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. என் பையனின் "வால்த்துக்கல்" எந்த ஊர்த் தமிழும் இல்லை. யாரிடமிருந்தும் அவனுக்கு எதுவும் வரவில்லை என்பதற்கான அடையாளம் அது. அம்மா சிரித்த அன்று எனக்கு உறைத்தது இதுதான்.

"நாலு மொழி சேர்ந்தா குழந்தை குழம்பிடும்னு ஸ்கூல்ல சொல்றாங்க" என்கிறார்கள். பல மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது. மூன்று மொழிக்கு இடமிருக்கிற வாயில் நாலாவதாக வரும் தாய்மொழிக்கு மட்டும் இடமில்லையா?

இப்போது எங்க வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு ஆச்சி போன். கதை ஒன்றும் பிரமாதமில்லை, ஊர்க் குளத்தில் எருமை இறங்கின கதை. ஆனால் இவன் குறுக்கே கேள்வி கேட்கிறான், அவள் பதில் சொல்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் நாங்களும் வாயைக் கட்டி டவுனையும் டுமாரோவையும் குறைக்கிறோம், கஷ்டமாகத்தான் இருக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் முன்னால் பயல் கேட்டான், "அப்பா, வாளைப்பளம் இருக்கா?"

நண்பர் உடனே குனிந்து, "ழ சொல்லு கண்ணா, வாழைப்பழம்" என்று ஆரம்பித்தார். விட்டுருங்க சார், அது அவங்க ஆச்சி பழம் என்றேன்.

பி.கு: நிஜமாகவே டாக்டரிடம் காட்ட வேண்டிய குழந்தைகளும் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் காது பரிசோதனை. அடிநாக்கு ஒட்டியிருப்பதும் சிலருக்கு இருக்கும். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், கல்யாண வீட்டுப் பந்தியில் நாம் சொல்ல வேண்டாம். நாலு வயசுப் பிள்ளையை ழ-வுக்காகத் திட்டவும் வேண்டாம், இந்த மாதிரி ஒலிகள் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.