நோயாளியின் எடை என்ன?



தூத்துக்குடியைத் தராசுகளின் ஊர் என்றே சொல்லலாம். உப்பளத்து உப்பை நிறுக்காமல் எவரும் வாங்குவதில்லை. மீனும் கருவாடும் நிறுவைக்கு வராமல் கைமாறுவதில்லை. துறைமுகத்திலோ கப்பலையே நிறுக்கிறார்கள்! கப்பலைத் தூக்கி வைக்கும் தராசு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? கடல்தான் அந்தத் தராசு. கப்பலின் வெளிப்பக்கத்தில் அடிப்பகுதியை ஒட்டி எண்கள் தீட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலக்கரியை இறக்குவதற்கு முன்னும், இறக்கிய பின்னும், முன்புறம், நடு, பின்புறம் என இரு பக்கங்களிலும் ஆறு இடங்களில் கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறிக்கிறார்கள். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கொண்டு, இறக்கிய சரக்கு எத்தனை டன் என்று கணக்கிட்டு விடுகிறார்கள்.

முத்துக் குளித்த காலத்திலும் அளவைதான் முதலில் நின்றது. வெவ்வேறு துளையளவுள்ள தட்டுகளில் முத்துகளைச் சலித்துத் தரம் பிரித்தார்கள். பிறகு மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விலை வைத்தார்கள். 1961ஆம் ஆண்டோடு இக்கரையில் பெரிய முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. ஆனாலும் நுட்பமாக நிறுக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்றாக இருக்கிறது.

இனி ஒரு கேள்வி. உங்கள் உறவினர் யாராவது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால், அவருடைய உடல் வெப்பநிலை, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவை நாள்தோறும் குறிக்கப்பட்டதைக் கண்டிருப்பீர்கள். அவருடைய எடையும் அப்படிக் குறிக்கப்பட்டதா? சேர்ந்த நாளில் எவ்வளவு, வீடு திரும்பிய நாளில் எவ்வளவு என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?

அலமாரியில் ஓர் எலும்புக்கூடு

இந்தக் கேள்வியை 1974ஆம் ஆண்டிலேயே ஒருவர் உரக்கக் கேட்டார். அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சார்லஸ் பட்டர்வொர்த் என்பவர் அவர். செல்வம் மிகுந்த அந்நாட்டின் மருத்துவமனைகளிலேயே நோயாளிகள் ஊட்டச்சத்துக் குறைந்து நலிகிறார்கள் என்று அவர் எழுதினார். மருத்துவமனை தன் அலமாரியில் மறைத்து வைத்திருக்கும் எலும்புக்கூடு என்று அந்நிலைக்குப் பெயரிட்டார். அதற்கு அவர் காட்டிய காரணங்கள் எளியவை: நோயாளியின் உயரத்தையும் எடையையும் குறிக்காமல் விடுவது, சோதனைகளுக்காக வேளைக்கு வேளை உணவை நிறுத்தி வைப்பது, குளுக்கோஸும் உப்பு நீரும் மட்டுமே ஏற்றி நாட்களைக் கடத்துவது.

குளுக்கோஸ் என்றதும் நம் ஊரில் நிலவும் ஒரு நம்பிக்கை நினைவுக்கு வருகிறது. ‘ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 விழுக்காடு குளுக்கோஸ் கரைசல் ஒரு லிட்டரில் 50 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. கிராமுக்கு ஏறக்குறைய 4 கிலோ கலோரி என்று வைத்தாலும் 200 கிலோ கலோரிதான் தேறும். இது நான்கு இட்லியின் ஆற்றலுக்கு மேல் இராது. புரதமோ அதில் துளியும் இல்லை. உடலில் நீர் வற்றியவருக்கு அந்தக் கரைசல் உயிர் காக்கும். ஆனால் அது உணவுக்கு ஈடாகாது.

உணவு குறைந்தால் உடல் என்ன செய்கிறது? கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கொழுப்பு கரைகிறது. தசைப் புரதமும் கரைகிறது. தசை என்றால் கை கால் தசை மட்டுமன்று. இதயமும் தசைதான், மூச்சை இழுத்து விடச் செய்பவையும் தசைகள்தாம். அவை மெலிந்தால் இருமிச் சளியை வெளியேற்றவும் வலுவிராது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். காய்ச்சல் வேறு இருந்தால், வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயரும்போதும் உடலின் ஆற்றல் செலவு சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு ஏறுகிறது!

தமிழ்நாட்டில் ஒரு நல்ல தொடக்கம்

இதற்கு வழி காட்டும் முயற்சி நம் மாநிலத்திலேயே நடந்து வருகிறது. காசநோய் இறப்பைக் குறைப்பதற்காக ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் சென்னையில் இயங்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் இதில் இணைந்து பணியாற்றுகின்றன.

இத்திட்டத்தில், காசநோய் என்று கண்டறிந்த உடனேயே ஒவ்வொருவரிடமும் சில எளிய சோதனைகளைச் செய்கிறார்கள். உயரம், எடை பார்க்கிறார்கள். இரு கால்களிலும் வீக்கம் உண்டா என்று அழுத்திப் பார்க்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணுகிறார்கள். விரல் நுனியில் சிறு கருவியை மாட்டி, இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை அறிகிறார்கள். பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று கவனிக்கிறார்கள். ஆய்வுக்கூடம் ஏதும் இதற்குத் தேவையில்லை. ஆபத்தான நிலையில் இருப்பவர்களை மேலும் பரிசோதித்து, மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்கிறார்கள்.

எடையை உயரத்தோடு ஒப்பிட ‘உடல் நிறைக் குறியீட்டெண்’ பயன்படுகிறது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். வயது வந்தோருக்கு 18.5க்குக் கீழே இருந்தால் மெலிவு. இந்தத் திட்டத்தில் 14 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. கால் வீக்கமும் இருந்தால் 16 அல்லது அதற்குக் குறைவே அபாயம் என்று கொள்கிறார்கள். வீக்கத்துக்கு ஏன் தனிக் கணக்கு? வீங்கிய உடலில் தேங்கியிருப்பது நீர். ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். மூன்று லிட்டர் தேங்கினால், கரைந்து போன மூன்று கிலோ தசையைத் தராசு நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

அளவுப் பிழையின் விலை

இயற்பியல் வகுப்பில் பிழைக் கணக்கு என்றாலே மாணவர் பலர் முகம் சுளிப்பார்கள். அதன் பயனை இங்கே பாருங்கள். ஒருவரின் உயரம் 160 செ.மீ.; எடை 35.5 கிலோகிராம். 1.6இன் வர்க்கம் 2.56. குறியீட்டெண் 13.87. அதாவது அவர் உடனே மருத்துவமனையில் சேர வேண்டியவர். நிமிர்ந்து நிற்க வலுவின்றி அவர் சற்றே கூனி நிற்கிறார். உயரம் 157 செ.மீ. என்று பதிவாகிறது. இப்போது குறியீட்டெண் 14.40 ஆகிவிடுகிறது! மூன்று சென்டிமீட்டர் பிழை அவரை ஆபத்தான பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. உயரம் வர்க்கமாக வருவதால், உயரத்தில் சுமார் 2 விழுக்காடு பிழை குறியீட்டெண்ணில் சுமார் 4 விழுக்காடாகிறது. இதில் வேதனை என்னவென்றால், நோயாளி எவ்வளவு பலவீனமோ அவ்வளவு கூனுவார். கூனக் கூனப் பட்டியலிலிருந்து தப்பிவிடுவார்.

மருந்தின் அளவும் எடையைப் பொறுத்தது. காசநோய்க் கூட்டு மாத்திரை, 25 முதல் 34 கிலோ எடையுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2. 35 முதல் 49 கிலோ வரை 3. ஒரு கிலோ தவறினால் ஒரு மாத்திரை தவறும்.

உணவும் அப்படியே. ‘பட்டினி கிடந்தவருக்கு வயிறு நிறையப் போடுங்கள்’ என்பது நல்ல மனத்தின் சொல். ஆயினும் மிக மெலிந்தவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென்று மிகுந்த உணவு சென்றால் இன்சுலின் பெருகும். இரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் விரைந்து புகும். இரத்தத்தில் அவை குறையும்போது இதயத் துடிப்பே தடுமாறும். இரண்டாம் உலகப் போரில் பட்டினிச் சிறைகளிலிருந்து மீண்டவர்கள் சிலர், உணவு கிடைத்த பிறகு இறந்துபோனது இதனால்தான். ஆகவே இத்தகைய ஆபத்து மிகுந்தவர்களுக்கு, எடையில் கிலோவுக்கு அதிகபட்சம் 10 கிலோ கலோரி என்று தொடங்கி, சில நாட்களில் படிப்படியாக உயர்த்தும்படி பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. 35 கிலோ எடையுள்ளவருக்கு முதல் நாள் 350 கிலோ கலோரிதான்! எடை தெரியாமல் இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

மறுப்புகளும் விடையும்

‘மருந்துதான் நோயைத் தீர்க்கிறது, உணவுக்கு ஏன் இத்தனை ஆரவாரம்?’ என்று சிலர் கேட்கலாம். அவர்கள் பக்கத்திலும் ஒரு பெரிய சான்று உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் மருந்து உண்டவர்களைப் போலவே, வீட்டில் எளிய உணவோடு மருந்து உண்டவர்களும் குணமடைகிறார்கள் என்று 1959இல் காட்டியது. ஏழைகள் வீட்டிலிருந்தே குணம் பெற உலகெங்கும் வழி திறந்த ஆய்வு அது. ஆனால் அது எழுப்பிய கேள்வி வேறு. எலும்பும் தோலுமாக வந்து, மருந்து வேலை செய்வதற்குள் முதல் சில வாரங்களிலேயே இறந்துவிடக்கூடியவரை எப்படிக் காப்பது என்பது இன்னொரு கேள்வி.

அதற்கு ஜார்க்கண்டு மாநிலத்தில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒளி தருகிறது. 2,800 காசநோயாளிகளுக்கு மருந்தோடு மாதந்தோறும் உணவுப் பொருள் மூட்டையும் வழங்கினார்கள். முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. இரண்டும் சேர்ந்து நிகழ்ந்தன என்பதாலேயே ஒன்றுதான் மற்றதற்கு முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நோய் தணிவதாலும் எடை கூடும். ஆயினும் 40 கிலோ எடையுள்ளவருக்கு 5 விழுக்காடு என்பது 2 கிலோதான். நோயாளி தேறுகிறாரா, தேய்கிறாரா என்பதை இவ்வளவு மலிவாகச் சொல்லும் கருவி வேறு எது?

‘செவிலியர்களுக்கு இருக்கும் வேலைப் பளுவில் இது வேறா?’ என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமான கவலை. செவிலியர் பணியிடங்கள் போதிய அளவில் நிரப்பப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நிற்க முடிந்தவரை நிறுக்க இரண்டு நிமிடம் போதும்.

‘நிறுத்தால் மட்டும் பசி தீருமா?’ என்று கேட்டால், தீராது என்பதே விடை. எடையைக் குறித்துவிட்டு அதன்படி ஒன்றும் செய்யாவிட்டால், அது வீண் எழுத்து. எனவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளி சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் உயரமும் எடையும் அவருடைய குறிப்பேட்டில் ஏற வேண்டும். நிற்க முடியாதவருக்கு மேற்கைச் சுற்றளவையாவது அளந்து குறிக்க வேண்டும். வாரம் ஒரு முறையேனும் எடையை மீண்டும் பார்த்து, வெப்பநிலையைப் போல வரைபடமாக வரைய வேண்டும். தட்டில் உணவு மிஞ்சினால் ஏன் மிஞ்சியது என்று யாராவது கேட்க வேண்டும். எடை இறங்கினால் மருத்துவரும் உணவியலாளரும் கலந்து அன்றே முடிவெடுக்க வேண்டும். வீடு திரும்பும் சீட்டில் கடைசி எடை இருக்க வேண்டும். காசநோயாளிகளின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அது உடலில் சேர்கிறதா என்று காட்டுவதும் அந்த எடைதான். காசநோயாளிக்குத் தொடங்கிய இந்த நல்வழக்கம், புற்றுநோய், சிறுநீரக நோய், எலும்பு முறிவு என்று எதற்காகப் படுக்கையில் இருப்பவருக்கும் வர வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் பள்ளி எடைப் பொறியைச் சோதியுங்கள். மூடியுள்ள கேனில் அளவு பார்த்து 10 லிட்டர் நீர் நிரப்புங்கள். வெறுங்கேனை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 10 கிலோகிராம் காட்டுகிறதா? ஐந்து முறை நிறுத்து, அளவுகள் ஒத்துப் போகின்றனவா என்றும் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: மேலே சொன்ன குறியீட்டெண் வரம்புகள் பெரியவர்களுக்கு உரியவை. வளரும் வயதினருக்கு வயதுவாரி அட்டவணைகள் தனியே உள்ளன. எனவே வகுப்புத் தோழர்களை மெலிந்தவர், பருத்தவர் என்று பட்டியலிட இதைப் பயன்படுத்த வேண்டாம்.

வீட்டில் தாத்தா, பாட்டியின் எடையை மாதம் ஒரு முறை குறித்து வாருங்கள். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள், முயலாமலே எடை 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது கட்டாயம். உறவினர் யாரையேனும் மருத்துவமனையில் சேர்த்தால், “ஐயா, இவருடைய எடையைக் குறித்துக்கொண்டீர்களா?” என்று பணிவோடு கேளுங்கள். கேட்பவர் பெருகினால் குறிப்பவரும் பெருகுவார்கள்.