முதல் இரவுக்கு ஒரு பாய்

வெள்ளக் காலத்திற்கு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டால், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, பிஸ்கட், கைவிளக்கு என்று நாம் விரல்விட்டுச் சொல்லிவிடுவோம். அந்தப் பட்டியலில் பாய் இருக்காது, போர்வையும் இருக்காது. வயிற்றுக்குக் கொடுக்கும் கவனத்தை நாம் உறக்கத்திற்குக் கொடுப்பதில்லை. இது சரியன்று என்பது என் கருத்து.

நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கிறது. 2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப் போட்ட பெருவெள்ளத்தை, சேறு கலந்த நீரின் நிறத்தை வைத்து ‘மஞ்சள் வெள்ளம்’ என்றே மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அப்போது நாடு முழுவதும் 200,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். வெள்ளம் என்றால் அது கிழக்குக்கரையின் கவலை என்று எண்ணியிருந்த சிலாங்கூர் மக்களின் நினைப்பை 2021 டிசம்பர் மாற்றிவிட்டது. ஷா ஆலாமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் பலர் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள்.

படகில் ஏறியவர்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள்? பெரும்பாலும் ஒரு பள்ளி மண்டபத்தில், அல்லது நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிய வகுப்பறையில். அங்கே தரை சிமெண்டு. நனைந்த உடையோடு அதில் படுத்தால் உடலின் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழே ஒன்றும் இல்லையென்றால் குளிர் விடாது. இளைஞர்கள் இதை எப்படியோ சமாளித்துவிடுவார்கள். கைக்குழந்தையும் மூட்டுவலிக்காரப் பாட்டியும் என்ன செய்வார்கள்?

“துயர் துடைப்பு மையத்தில் எல்லாம் கொடுப்பார்களே, நாம் ஏன் சுமக்க வேண்டும்?” என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். சமூக நல இலாகா பாய், போர்வை, உணவு ஆகியவற்றை வழங்குகிறது. அண்மைய ஆண்டுகளில் பல மையங்களில் மண்டபத்திற்குள்ளேயே குடும்பத்திற்கு ஒன்றாகச் சிறு கூடாரங்களும் அமைக்கப்படுகின்றன. ஆனால், அந்தப் பொருள்களை ஏற்றி வரும் லாரியும் நம் வீட்டை மூழ்கடித்த அதே நீரைக் கடந்துதான் வர வேண்டும். நூற்றுக்கணக்கானோர் ஒரே மாலையில் வந்து சேரும்போது முதல் இரவு எப்போதும் நெருக்கடியாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் முதல் அரசாங்கத்தை நம்பலாம். முதல் இரவுக்கு நாமே பொறுப்பு ஏற்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பஞ்சு மெத்தை வேண்டாம். ஒருமுறை நனைந்தால் அது தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், எளிதில் காயாது. பிளாஸ்டிக் பாய் துடைத்தவுடன் காய்ந்துவிடும், சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம். பாய்க்கு அடியில் விரிக்க ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து கைலி. நம் வீடுகளில் இதைவிடப் பயனுள்ள துணி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போர்த்திக்கொள்ளலாம், மடித்துத் தலைக்கு வைக்கலாம், குளித்துவிட்டுத் துவட்டலாம். கயிற்றில் தொங்கவிட்டால் மறைப்பு ஆகிவிடும். நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் உடை மாற்ற இடமின்றித் தவிக்கும் பெண்களுக்கு அந்த மறைப்பின் அருமை தெரியும். தூளி கட்டத் தெரிந்த அம்மா ஒருவர் இருந்தால் குழந்தையும் அமைதியாகத் தூங்கிவிடும். ஆளுக்கு இரண்டு கைலி போதும். விலையுயர்ந்த தூக்கப்பையை வாங்கச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. நம் வெப்பநிலைக்கு அது பொருந்துவதுமில்லை.

தாத்தா பாட்டி உள்ள வீட்டில் மட்டும் ஒரு மடக்குக் கட்டிலோ மடக்கு நாற்காலியோ கூடுதலாக வேண்டும். தரையில் படுத்த முதியவர் நள்ளிரவில் கழிப்பறைக்குச் செல்லத் தனியாக எழ முடியாது. பிறரை எழுப்பக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே சிலர் குறைத்துக்கொள்வார்கள். அது அவர்களின் உடல்நலத்திற்குக் கேடு. கொசுவலையும் அவசியம். வெள்ளம் வடிந்த பிறகு தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு பெருகும். அடைத்த வகுப்பறையில் கொசுவத்திப் புகை எல்லாருக்கும் தொல்லை.

இவற்றையெல்லாம் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து இறுகக் கட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்குள் நீர் புகுந்தால் முதலில் நனையும் இடம் அதுதான். அலமாரியின் உச்சியில், இருட்டிலும் கைக்கு எட்டும்படி வையுங்கள். உங்கள் வட்டாரத்தில் எந்தப் பள்ளி துயர் துடைப்பு மையமாகத் திறக்கப்படும், எந்தச் சாலை வழியாக அங்கே போகலாம் என்பதையும் நவம்பருக்கு முன்பே அப்பாவிடம் கேட்டு வையுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால், இருவரும் சேர்ந்து விசாரிக்கலாம்.