ஓட்டு கேட்காத ராஜா

தூதர் என்றால் கோட்டு சூட்டு, கைகுலுக்கல், கூட்டறிக்கை. பலருக்கும் மனதில் வரும் படம் இதுதான். ஆனால் இரண்டரை வருடம் ஒரு நாட்டையே ஆண்ட தூதர் ஒருவர் உண்டு. சட்டம் போடுவது, வரி விதிப்பது, நீதிபதிகளை நியமிப்பது எல்லாமே அவர் கையெழுத்தில் நடந்தது. அதற்காக அவர் யாரிடமும் ஓட்டு கேட்கவில்லை. பெயர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ, பிரேசில்காரர். அவர் ஆண்ட நாடு கிழக்குத் திமோர்.

1948ல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். அப்பாவும் தூதர்தான். பிரேசிலின் ராணுவ ஆட்சி அவரைக் கட்டாய ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. மகன் பாரிஸில் தத்துவம் படித்து, 1968 மாணவர் போராட்டத்தில் போலீஸிடம் அடியும் வாங்கி, அடுத்த வருடம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு வங்கதேசம், சூடான், சைப்ரஸ், மொசாம்பிக், லெபனான், கம்போடியா, போஸ்னியா, கொசோவோ... எங்கே எல்லாம் குலைந்து கிடந்ததோ அங்கெல்லாம் போனார்.

தாய்லாந்து எல்லை முகாம்களில் கிடந்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கம்போடியர்கள் ஊர் திரும்பியது அவர் பொறுப்பில்தான். அதற்காகக் கெமர் ரூஜ் ஆட்களிடமே போய் உட்கார்ந்து பேசினார். கொலைகாரர்களோடு என்ன பேச்சு என்று கேட்டவர்கள் உண்டு. போஸ்னியாவில், செர்பியத் தலைவர்களோடு ரொம்பவே ஒட்டுகிறார் என்று உடன் வேலை செய்தவர்களே முணுமுணுத்தார்கள். (அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.)

அதெல்லாம் நடுவில் நின்று பேசுகிற வேலை. திமோரில் அவரே அரசாங்கம்!

1975ல் இந்தோனேசிய ராணுவம் புகுந்து பிடித்துக்கொண்ட நாடு அது. 1999 ஆகஸ்ட் 30 அன்று ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவோடு இருக்க மாட்டோம் என்றார்கள். முடிவு வந்ததும், இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவோடு இயங்கிய ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. கட்டிடங்களில் சுமார் 70 சதவீதம் நாசம். இந்தோனேசிய அதிகாரிகள் கிளம்பிப் போய்விட்டதால் அலுவலகங்களை நடத்தவும் ஆள் இல்லை. அக்டோபர் 25 அன்று பாதுகாப்பு சபை 1272ம் எண் தீர்மானத்தின் மூலம் மொத்த நிர்வாகத்தையும் ஐ.நா.விடம் ஒப்படைத்தது. செர்ஜியோ டிலியில் வந்து இறங்கினார்.

இங்கேதான் சிக்கல். எங்களை நாங்களே ஆள்வோம் என்று ஓட்டுப் போட்ட மக்களுக்குக் கிடைத்தது ஒரு வெளிநாட்டு நிர்வாகி. 15 பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அவர் அமைத்தார், அதில் திமோர்காரர்களே அதிகம். ஆனால் அவர்கள் ஆலோசனைதான் சொல்லலாம், முடிவு அவருடையது. டிலி துறைமுகத்தில் ஒரு மிதக்கும் ஹோட்டல் நின்றது, ஐ.நா. ஊழியர்கள் தங்குவதற்கு. கரையில் இருந்தவர்கள் கூரை எரிந்துபோன வீட்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனுஷன் ஆண்டாலும் அந்நிய ஆட்சி அந்நிய ஆட்சிதானே?

செர்ஜியோவைப் பாராட்ட வேண்டிய இடமும் இதுதான். அதிகாரம் கையில் இருந்தவர் அதை வைத்துக்கொண்டு பெருமைப்படவில்லை. 2000 ஜூலையில் ஒரு இடைக்கால அமைச்சரவை, அதில் நான்கு பேர் திமோர்காரர்கள், நான்கு பேர் வெளியாட்கள். திமோர் அமைச்சர்களுக்குக் கீழே வேலை செய்வது ஐ.நா. ஊழியர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர் பின்வாங்கவில்லை. 2001ல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல், 2002 ஏப்ரலில் சனானா குஸ்மாவோ ஜனாதிபதியாகத் தேர்வு, மே 20ல் சுதந்திரம். ராஜா மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான்கே வருடத்தில், 2006ல், டிலி மறுபடி எரிந்தது. சுமார் 600 ராணுவ வீரர்களை வேலையை விட்டு நீக்கியதில் தொடங்கிய சண்டை ராணுவமும் போலீஸும் சுட்டுக்கொள்கிற அளவுக்குப் போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஐ.நா. சீக்கிரமே போனதுதான் தப்பு என்று அப்போது நிறைய பேர் எழுதினார்கள். அது பாதி உண்மை. புது ராணுவத்தில் முன்னாள் விடுதலைப் போராளிகள், புது போலீஸில் இந்தோனேசியக் காலத்துப் போலீஸ்காரர்கள் கணிசமாக. ஒருவரை ஒருவர் நம்பாத இந்த இரண்டு படைகளும் உருவானது ஐ.நா. அங்கே இருந்தபோதுதான். இன்னும் ஐந்து வருடம் கூடுதலாக இருந்திருந்தால் மட்டும் அந்த விரிசல் அடைந்திருக்குமா? இருந்த நாட்களில் செய்ததைப் பற்றிக் கேட்காமல், போன தேதியைப் பற்றியே பேசுவது சுலபமான விமர்சனம்.

2003ல் கோஃபி அன்னான் அவரைக் கேட்டுக்கொண்டது நான்கு மாத வேலைக்கு, ஈராக்கில். அங்கே நிலைமை நேர் எதிர். அதிகாரம் முழுவதும் அமெரிக்காவின் பால் பிரெமரிடம். செர்ஜியோவால் பேச மட்டும்தான் முடியும். ஈராக்கியர்கள் கையில் ஏதாவது கொடுங்கள் என்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். ஜூலையில் 25 பேர் கொண்ட ஆட்சிக் குழு அமைந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் கடைசி வார்த்தை பிரெமருடையதாகவே இருந்தது. அமெரிக்கப் படையின் நிழலில் இருப்பதாகத் தெரியக்கூடாது என்பதற்காக, ஐ.நா. அலுவலகம் இருந்த கெனால் ஹோட்டலில் பலத்த ராணுவக் காவலும் இல்லை.

ஆகஸ்ட் 19 அன்று குண்டு நிரப்பிய லாரி ஒன்று அவர் அறைக்குக் கீழே வெடித்தது. இடிபாடுகளுக்குள் சில மணி நேரம் உயிரோடு இருந்துவிட்டு இறந்துபோனார். அவரோடு இன்னும் 21 பேர். குண்டு வைத்த தரப்பிலிருந்து பின்னர் வந்த காரணங்களில் ஒன்று, இந்தோனேசியா என்ற முஸ்லிம் நாட்டிலிருந்து கிழக்குத் திமோரைப் பிரித்தவர் இவர்தானாம். பிரித்தது அந்த 78.5 சதவீதம் பேர். அவர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட அன்று செர்ஜியோ திமோரிலேயே இல்லை.