விளைந்தது வீடு சேர, சாலையிலும் கவனம் வேண்டும்

தை, மாசி மாதங்களில் காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடை மும்முரமாக நடக்கும். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவு பகலாக ஆலைக்குச் செல்லும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் தார்ச்சாலையில் காயும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் வண்டிச் சக்கரம் மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்புவார்கள். மாதக்கணக்கில் பாடுபட்டது பணமாகும் வேளை இது. சாலையில் உயிர் போகும் வேளையாகவும் இதுவே இருக்கிறது.

விபத்து என்றதும் லாரிக்காரரின் வேகத்தைக் குறை சொல்வது வழக்கம். வேகம் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் விளக்கில்லாத டிரெய்லரையும் சாலையில் கொட்டிய தானியத்தையும் அங்கே கொண்டு வைத்தவர் விவசாயியே. ஆகவே அவற்றைச் சரி செய்வதும் அவர் கையில்தான் உள்ளது. உழவும் நடவும் போலச் சாலைப் பயணமும் விவசாய வேலையில் ஒரு பகுதி என்று கொண்டால், பெரும் செலவில்லாமலே பல உயிர்களைக் காக்கலாம்.

இருட்டில் தெரியாத டிரெய்லர்

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் கடந்துவிடும். முன்னால் ஒரு தடை இருப்பதைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குச் சுமார் 45 மீட்டராவது தேவை. முகப்பு விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது கண்ணுக்குத் தெரியும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. பின்விளக்கு இல்லாத டிரெய்லர் கண்ணில் படும்போது, நிறுத்துவதற்கு இடம் மிச்சமிருக்காது. பனி மூட்டமும் சேர்ந்துகொண்டால் சொல்ல வேண்டியதில்லை.

அந்நாளில் மாட்டுவண்டியின் அடியில் லாந்தர் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பயணம் செய்தார்கள். டிராக்டர் வந்த பிறகு அந்தக் கவனம் குறைந்துவிட்டது. டிரெய்லரின் பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறம் வெள்ளை நிறத்தில் ஒளியைத் திருப்பிக் காட்டும் ரிப்ளெக்டர் பட்டை ஒட்ட வேண்டும். ஒரு மூட்டை உரத்தின் விலைகூட இதற்கு ஆகாது. கரும்புத் தோகையும் வைக்கோலும் தொங்கி அதை மறைக்காதபடி பார்த்துக்கொள்வதும் அவசியம். மாட்டுவண்டிக்கும் இது பொருந்தும்.

டிராக்டரின் பின்னால் உழவுக்கென்று ஒரு வெள்ளை விளக்கு இருக்கும். சாலையில் அதை எரியவிடக் கூடாது. பின்னால் வருபவருக்குக் கண் கூசும். எதிரே ஏதோ வண்டி வருகிறது என்று எண்ணித் தடுமாறுவார். டயர் பஞ்சரானால் பாரத்தோடு தார்ச்சாலையில் நிறுத்தாமல், கூடியவரை மண்பகுதிக்கு இறக்கிவிட வேண்டும். முடியாவிட்டால் தொலைவிலேயே ஓர் ஆளை டார்ச் விளக்குடன் சாலை ஓரமாக நிற்க வைக்க வேண்டும். வண்டியைச் சுற்றிக் கல்லை அடுக்கிவிட்டு, பிறகு அதை அப்படியே விட்டுப் போவது அடுத்த விபத்துக்கு வித்திடுவதாகும்.

சர்க்கரை ஆலைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வெட்டு உத்தரவு தரும்போதே, ரிப்ளெக்டர் பட்டை இல்லாத வண்டிக்கு வாசலில் அனுமதி இல்லை என்று அறிவித்தால் ஒரே பருவத்தில் நிலைமை மாறிவிடும்.

பிரேக்கும் பாரமும்

வயலில் குறுகிய இடத்தில் திரும்புவதற்காக டிராக்டரில் இடப்புறச் சக்கரத்துக்கும் வலப்புறச் சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் மிதி வைத்திருக்கிறார்கள். சாலையில் ஏறுமுன் இரண்டையும் இணைத்துப் பூட்டுவது கட்டாயம். பூட்டாமல் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால், டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் மேட்டில் முன்சக்கரம் தூக்கும். பள்ளத்தில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும். சரிவில் இறங்கும்போது கியரை நியூட்ரலில் போடுவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்வது பல ஊர்களில் பழகிப்போன ஒன்று. டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை உண்டு. மட்கார்டு உட்காரும் இடமல்ல. டிரெய்லரில் ஆள் ஏற்றி விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்க மறுக்கலாம். அப்போது இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். இருக்கும் நிலத்தை விற்றாலும் தீராத கடனாக அது முடியக்கூடும். ஆட்களுக்குப் பஸ் கட்டணம் கொடுத்து அனுப்புவதே மேல்.

சாலை களமல்ல

சாலையில் கிடக்கும் தானியத்தில் இரு சக்கர வாகனம் வழுக்குகிறது. கொள்ளுக் கொடி சக்கரத்திலும் அச்சிலும் சுற்றிக்கொள்கிறது. தானியத்தைக் காக்க வைத்த கல்லில் இரவில் மோதி விழுகிறவர், பெரும்பாலும் பக்கத்து ஊர் விவசாயியாகவோ அவர் மகனாகவோதான் இருப்பார். பொது வழியில் இடையூறு செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். உயிர் போய்விட்டால் வழக்கு அதோடு நிற்காது.

சாலையில் காய வைப்பதால் லாபமும் இல்லை. தாரின் கடும் சூட்டில் நெல் விரைவாகக் காய்ந்து உள்ளே வெடிப்பு விடும். அரவையில் நொய் அதிகமாகும். கல்லும் மண்ணும் கலந்து விலையும் குறையும். தார்ப்பாய் விரித்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டால் தானியம் சீராகக் காயும்.

களம் இல்லாமல் எங்கே காய வைப்பது என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. பல ஊர்களில் களத்துமேடு ஆக்கிரமிப்பில் போய்விட்டது. அதை மீட்டு, ஊருக்கு ஓர் உலர்களம் கட்டித் தர ஊராட்சியும் அரசும் முன்வர வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் உள்ள உலர்களத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் களம் வரும்வரை சாலையில்தான் கொட்டுவோம் என்பது ஏற்கத்தக்கதல்ல.

விபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் 108க்குப் போன் செய்து, ஊர்ப் பெயரையும் அருகில் உள்ள கிலோ மீட்டர் கல்லின் எண்ணையும் சொல்ல வேண்டும். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேல் விடாமல் அழுத்த வேண்டும். தண்ணீரோ சோடாவோ புகட்டக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நெருப்பு போன்ற ஆபத்து இருந்தாலன்றி, அடிபட்டவரைக் கை கால் பிடித்து மடக்கித் தூக்கக் கூடாது. கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி இருந்தால் வாழ்நாள் முழுவதும் முடமாகிவிடுவார்.

உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேரும் என்ற பயம் இன்னும் நீங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விபத்து செய்த ஓட்டுநர், அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது சட்டப்படி கடமை. கூட்டம் அடிக்க வரும் என்று அஞ்சினால், நேரே காவல் நிலையம் செல்லலாம். ஓடி ஒளியக் கூடாது.

தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்பதற்காக ஏற்பட்டது. மத்திய அரசும் 2025 மே மாதம், 7 நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான திட்டத்தை அறிவித்தது. பணம் புரட்டும்வரை மருத்துவமனைக்குப் போகாமல் காலம் கடத்த வேண்டியதில்லை.

அடுத்தது இழப்பீடு. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிட வேண்டும். மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற 2022 ஏப்ரல் முதல் வழி இருக்கிறது. வழக்கு நடத்த வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

பல விவசாயக் குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். சம்பளச் சீட்டு இல்லாததால் வருமானத்தை நிரூபிக்க முடிவதில்லை. பட்டா, அடங்கல், நெல் கொள்முதல் ரசீது, ஆலை தந்த கரும்புப் பில், பால் சங்கப் புத்தகம் ஆகிய எல்லாமே வருமானத்துக்குச் சான்றுகள். இவற்றை ஒரே பையில் போட்டு, வீட்டுப் பெண்களுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். இது கையில் இல்லாத குடும்பம்தான், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்த சிறு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் வருந்துகிறது.

அறுவடை தொடங்குமுன் அரிவாளைத் தீட்டுகிறோம், சாக்கைத் தைக்கிறோம். அதோடு டிரெய்லரின் பின்விளக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். எரியவில்லை என்றால், அதைச் சரி செய்த பிறகே முதல் பாரம் ஏற்ற வேண்டும்.